ரெக்கார்டா சிடியா? கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துல இருந்து கிளப் டிஜே ஆகப் போறவங்களுக்கு

நம்ம சவுண்ட் சர்வீஸ் குடோனுக்கு வர்ற பசங்க மொதல்ல கேக்குறது இதுதான், அண்ணா ரெக்கார்டு பிளேயர் வாங்கட்டுமா இல்ல சிடி பிளேயர் வாங்கட்டுமா. ஓசூர் தாண்டி பெங்களூர்ல ஏதோ ஒரு கிளப்புக்கு ஒரு தடவ போய்ட்டு வந்திருப்பாங்க, அங்க ஒருத்தர் கறுப்புத் தட்ட கையால நிறுத்தி நிறுத்தி விட்டுட்டு இருந்திருப்பாரு, அதப் பாத்ததுல இருந்து பையனுக்குத் தூக்கம் கெட்டுப் போயிருக்கும். எனக்கும் அப்படித்தான் கெட்டுச்சு, ஆனா எனக்கு கிளப்புல இல்ல, காவேரிப்பட்டணத்துல எங்க மாமா வச்சிருந்த மைக் செட்டுல. கூம்பு ஸ்பீக்கர தென்னமரத்துல கட்டிட்டு கீழ பெட்டி மேல ரெக்கார்டு பிளேயர வச்சு ஒவ்வொரு தட்டா துண்டால தொடச்சுப் போடுவாரு, எங்கள ஒருத்தரையும் கிட்ட விட மாட்டாரு. அப்புறம் நானே பெங்களூர் போய் சில வருஷம் கிளப்புல வாசிச்சுட்டு திரும்ப கிருஷ்ணகிரிக்கே வந்துட்டேன், அந்த அனுபவத்துலதான் இத எழுதுறேன்.

பதில மொதல்லயே சொல்லிடுறேன், நேரமில்லாதவங்க இதோட எந்திரிச்சுப் போலாம். வேல கெடைக்கணும்னா சிடிஜேல, அதாவது டிஜேங்களுக்குன்னே செஞ்ச சிடி பிளேயர்ல, கத்துக்கோங்க, ஆனா காத மட்டும் ரெக்கார்டு வாசிக்கிறவன் மாதிரி பழக்குங்க, மெஷின் திரைய நம்பாதீங்க. ரெக்கார்டு வாங்குறது எப்பன்னா, வேற எதுலயும் கெடைக்காத ஒரு பாட்டு தட்டுல கெடைச்சு அத ஜனங்களுக்குப் போட்டே ஆகணும்னு தோணுச்சுன்னா அப்ப. ஸ்டைலுக்காக வாங்காதீங்க, எங்கிட்ட ரெண்டு பேரு அப்படி வாங்கி இப்ப அது மேல துணி மடிச்சு வச்சிருக்காங்க.

மொதல்ல பேரு குழப்பத்த தீத்துக்குவோம்

சிடிஜேன்னு எல்லாரும் சொல்றது பயனியர் கம்பெனி பிளேயர். 1994ல சிடிஜே 500ன்னு ஒண்ணு வந்துச்சு, தட்டு மேல இருந்து போடுற மாதிரி. உண்மையான திருப்பம் 2001ல வந்த சிடிஜே 1000, அதுல பெரிய வட்டம் இருந்துச்சு, அதத் தொட்டா பாட்டு நிக்கும், சுத்துனா ரெக்கார்டு மாதிரியே ஸ்கிராட்ச், அதாவது தட்ட முன்ன பின்ன இழுக்குறப்ப வர்ற சத்தம், வரும். ரெக்கார்டு ஆளுங்க அதுக்கப்புறம்தான் சிடிய மதிக்க ஆரம்பிச்சாங்க. 2009ல வந்த சிடிஜே 2000ல யுஎஸ்பி பென்டிரைவ் சொருகுற வசதி இருந்துச்சு, 2020ல வந்த சிடிஜே 3000ல சிடி போடுற ஓட்டையே கெடையாது. அதனால இன்னிக்கு ஒருத்தன் சிடியில வாசிக்கிறேன்னு சொன்னா பாதி நேரம் அவன் பாக்கெட்டுல இருக்குறது பென்டிரைவ்தான், பழக்கத்துல சிடின்னு சொல்றோம். சிடியே போடுற பழைய பிளேயர் இன்னும் சின்ன கிளப்புலயும் நம்ம மாதிரி சர்வீஸ்காரங்ககிட்டயும் ஓடிட்டுதான் இருக்கு, அதனால சிடி விஷயமும் கீழ சொல்றேன்.

ரெக்கார்டு பக்கம் ஒரே பேருதான், டெக்னிக்ஸ் எஸ்எல் 1200. 1972ல வந்தது, 1979ல வந்த ரெண்டாவது மாடல்லதான் கிளப்புக்காரங்களுக்கு வேண்டிய நீளமான பிட்ச் கட்டை, அதாவது பாட்டு வேகத்த ஏத்தி எறக்குற கட்டை, வச்சாங்க, மேல கீழ 8 சதவீதம். பெல்ட்டு கெடையாது, மோட்டார் நேரா தட்டுக்கு அடியிலயே இருக்குது, கைய வச்சு நிறுத்தி விட்டாலும் டக்குனு வேகம் புடிச்சிக்கும். ஒரு மெஷின் பன்னெண்டு கிலோவுக்கு மேல இருக்கும். 2010ல நிறுத்திட்டாங்க, 2016ல திரும்ப ஆரம்பிச்சாங்க.

எங்க வாசிக்கப் போறீங்க?

இத முடிவு பண்ணாம ஒரு சாமானும் வாங்காதீங்க. பெங்களூர் கிளப்புன்னா பூத்துல என்ன இருக்குதோ அதுலதான் நீங்க வாசிக்கணும், உங்க மெஷின தூக்கிட்டுப் போக விட மாட்டாங்க, அனேகமா ரெண்டு சிடிஜேயும், ரெண்டு பாட்டையும் கலக்குற மிக்சர் பெட்டி ஒண்ணும் இருக்கும். ரெக்கார்டுக்குன்னே தனி ராத்திரி நடத்துற இடம் சிலது இருக்கு, அது தெரிஞ்சவங்க வட்டம், புதுசா போறவனுக்கு ஒடனே கதவு தெறக்காது. மொத வேலை என்னன்னா, போற கிளப்புக்கு ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே போய், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, சவுண்ட் பாக்குற அண்ணன்கிட்ட மரியாதையா என்ன பிளேயர், எந்த மாடல், என்ன மிக்சர்னு கேட்டு ஃபோன்ல போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க. டீ வாங்கிக் குடுத்தா இன்னும் நல்லா சொல்லுவாரு.

நம்ம ஊரு கல்யாணம், ரிசப்ஷன், கோயில் திருவிழா, பொறந்தநாளுன்னா கத வேற. திறந்த வெளி, பலகை போட்ட மேடை, தூசி, ஜெனரேட்டர் கரண்டு. இங்க ரெக்கார்டு கொண்டு போறது சந்தைக்கு நடுவுல கண்ணாடிப் பாத்திரம் தூக்கிட்டுப் போற மாதிரி. பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக் கூடாதுன்னு விதி இருக்குறதால நேரமும் கம்மி, சாமான் கட்டி அவுக்கவே பாதி நேரம் போயிடும்.

என்ன பாட்டு போடப் போறீங்க?

இத பத்தி யாரும் யோசிக்கிறதில்ல. நியூயார்க்குல பிராங்க்ஸ் ஏரியாவுல 1973ல கூல் ஹெர்க்னு ஒருத்தரு ஒரே ரெக்கார்டுல ரெண்டு காப்பி வாங்கி, டிரம்ஸ் மட்டும் வர்ற துண்ட ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டு நீட்டி விட்டாரு, ஆட வந்தவங்க அந்தத் துண்டுக்குத்தான் காத்திட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் அங்க டிஜேங்களுக்குன்னே 12 இஞ்ச் ரெக்கார்டு அடிச்சாங்க, ஒரு பக்கம் ஒரே பாட்டு, ஆரம்பத்துலயும் கடைசியிலயும் வெறும் அடி மட்டும் நீளமா ஓடும், அந்த எடத்துலதான் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறணும்.

நம்ம தமிழ் ரெக்கார்டு அப்படியில்ல. சின்னத் தட்டு 45 வேகத்துல ரெண்டு மூணு பாட்டு, பெரிய தட்டு 33 வேகத்துல படம் முழுக்க. பாட்டு ஆரம்பிச்ச ஒடனே வயலின், உடனே பல்லவி, மாறுறதுக்கு எடமே இருக்காது. அதுவுமில்லாம எல்லாம் உக்காந்து ஆளுங்க வாசிச்சது, டிக் டிக்குனு மெஷின் தாளத்துக்கு வாசிக்கல, சரணத்துல கொஞ்சம் வேகம் ஏறும், இடையிசையில கொஞ்சம் தங்கும். நீங்க பதினாறு அடிக்கு சரியா சேத்து வச்சாலும் பதினேழாவது அடியில வழுக்கிடும். தொண்ணூறுகள்ல வந்த பாட்டுங்க வேற பெரும்பாலும் கேசட்டுலயும் சிடியிலயும்தான் வந்துச்சு, அதுக்கு ரெக்கார்டு தேடி அலையுறதுல அர்த்தமில்ல. அதனால தமிழ்ப் பாட்டு மிக்ஸ் பண்றவன் கம்ப்யூட்டர்ல உக்காந்து பாட்டோட மொத அடிய வெட்டி முப்பத்திரண்டு எண்ணிக்கைக்கு நீட்டி, கடைசியிலயும் அதே மாதிரி வால் வச்சு, சிடியிலயோ பென்டிரைவுலயோ ஏத்திக்கிட்டாத்தான் பொழைக்க முடியும். இங்கயே சிடி பக்கம் தராசு சாஞ்சிடுது.

ஹவுஸ், டெக்னோன்னு சொல்ற இங்கிலீஷ் கிளப்பு ஆட்டப் பாட்டு மட்டும்தான் போடுவேன்னா ரெக்கார்டு நல்லா ஒத்துவரும், ஆனா புது இம்போர்ட்டு ரெக்கார்டு ஒண்ணே ரெண்டாயிரம் மூணாயிரம் ஆகும், ஒரு ராத்திரிக்கு அம்பது தட்டாவது வேணும், கணக்கு போட்டுப் பாருங்க.

காத பழக்குறது

இதுக்கு ஒரு மாசம் ஒதுக்குங்க, அவசரப்படாதீங்க. எந்த மெஷினா இருந்தாலும் இத இப்படித்தான் பண்ணணும்.

மொதல்ல ஒரே பாட்டுல ரெண்டு காப்பி எடுத்துக்கோங்க, சிடின்னா ரெண்டு சிடி. பிளேயர் திரையில பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தன அடின்னு, காட்டும் பாருங்க, அது மேல கறுப்பு இன்சுலேஷன் டேப்ப ஒட்டிடுங்க. ரெண்டு பாட்டையும் தானா சேத்து விடுற சிங்க்னு பட்டன் இருந்தா அது மேலயும் ஒட்டுங்க. நான் பசங்களுக்கு இததான் மொத நாள் பண்ணுவேன், மொறைப்பாங்க, பரவால்ல. அப்புறம் கூட்டாளிய விட்டு ஒரு பிளேயரோட பிட்ச் கட்டைய உங்களுக்குத் தெரியாம கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க. ஹெட்ஃபோன ஒரு காதுல மட்டும் வைங்க, இன்னொரு காது வெளிய ஓடுற பாட்டுக்கு.

வெளிய ஓடுற பாட்டுக்கு நாலு நாலா எண்ணுங்க. புதுப் பாட்டோட மொத அடியில நிறுத்தி வச்சுக்கோங்க, ரெக்கார்டுன்னா தட்டுக்கு அடியில வழுக்குற ஃபெல்ட் துணி இருக்கும், தட்டக் கையில புடிச்சா கீழ மோட்டார் பாட்டுக்கு சுத்திட்டே இருக்கும், விட்டா போயிடும். சிடின்னா கியூ பட்டன். எண்ணிக்கையில ஒண்ணு வர்றப்ப விடுங்க. இப்ப ரெண்டும் சேந்து ஓடும், கொஞ்ச நேரத்துல டும்முன்னு இருந்த அடி டுடும் டுடும்னு ரெண்டா கேக்கும், குதிர ஓடுற மாதிரி. புதுசு முன்னாடி ஓடுதா பின்னாடி தங்குதாங்குறதுதான் எல்லாரும் திணறுற எடம். எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு அது புரிய. ஒரு வழி சொல்றேன், தெரியலைன்னா வேணும்னே கொஞ்சம் இழுத்துப் புடிங்க, ரெக்கார்டுன்னா தட்டு ஓரத்துல விரல லேசா உரசுங்க, சிடின்னா வட்டத்த பின்னாடி தள்ளுங்க, சத்தம் இன்னும் அசிங்கமா ஆச்சுன்னா நீங்க தப்புப் பக்கம் போறீங்க, முன்னாடி தள்ளணும். சேந்துச்சுன்னா அதே திசையில பிட்ச் கட்டையயும் கொஞ்சம் நகத்துங்க. திரும்ப விலகும், திரும்ப சேருங்க. ஒரு நிமிஷம் விலகாம ஓடுச்சுன்னா ஒரு டீ குடிச்சுக்கோங்க.

கணக்கும் கொஞ்சம் தெரியணும். 120ல ஓடுற பாட்ட 124க்குக் கொண்டு வரணும்னா நாலை நூத்தி இருபதால வகுங்க, 3.3 சதவீதம் ஏத்தணும். பழைய டெக்னிக்ஸ்ல 8 சதவீதம்தான் எல்லை, அதாவது 120 பாட்ட 110ல இருந்து 129 வரைக்கும்தான் இழுக்க முடியும். சிடிஜேல 6, 10, 16ன்னு எல்லைய மாத்திக்கலாம், அதுக்கு மேலயும் போலாம். ஆனா ரெக்கார்டுல வேகம் ஏறுனா சுருதியும் ஏறும், சுமாரா 6 சதவீதத்துக்கு அரை ஸ்வரம். இங்கிலீஷ் பாட்டுல யாரும் கண்டுக்க மாட்டாங்க, எஸ்பிபி கொரல அரை ஸ்வரம் தூக்கிப் பாருங்க, மேடைக்கு அந்தப் பக்கம் ஃபுல் போதையில இருக்குறவரு கூட திரும்பிப் பாப்பாரு, அந்தக் கொரலு நம்ம ஜனங்க ரத்தத்துல ஊறுனது. சிடிஜேல மாஸ்டர் டெம்போன்னு ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்குனா வேகம் மாறும் சுருதி மாறாது. ரொம்ப இழுத்தா மட்டும் தவில் சத்தம் மணல் கொட்டுற மாதிரி ஆகிடும், அஞ்சாறு சதவீதத்துக்குள்ள நிறுத்திக்கோங்க.

நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல் இருக்குது, எந்த வீடியோலயும் சொல்லித்தர மாட்டாங்க. பம்பை, தப்பட்டை அடி, குத்துப் பாட்டு எல்லாம் பெரும்பாலும் மூணு மூணா போகும், தகிட தகிட. ஹவுஸ் மியூசிக் நாலா போகும், தகதிமி தகதிமி. வேகத்த சரி பண்ணிட்டா பெரிய அடி ரெண்டும் ஒண்ணாத்தான் விழும், ஆனா அடிக்கு நடுவுல இருக்குறத இவன் மூணா பிரிப்பான் அவன் நாலா பிரிப்பான், சேத்து ஓட விட்டா நொண்டும். இந்த ரெண்டுக்கும் நடுவுல நீளமா மிக்ஸ் பண்ணாதீங்க. ஹவுஸ் பாட்டுல டும்முங்குற கிக் அடி மட்டும் வர்ற நாலு அடிய லூப்புல, அதாவது திரும்பத் திரும்ப, சுத்த விட்டு, கனமான பாஸ் சத்தத்த மிக்சர்ல வழிச்சு எடுத்துட்டு, எட்டாவது சுத்து முடியுற எடத்துல நறுக்குன்னு குத்துப் பாட்ட மொத அடியிலயே எறக்குங்க. லூப் சிடிஜேல ரெண்டு பட்டன். ரெக்கார்டுல இதப் பண்ண ஒரே தட்டு ரெண்டு காப்பி வேணும், கையும் அப்படி ஓடணும்.

ரெக்கார்டுதான்னு முடிவு பண்ணவங்க இதப் பாருங்க

முள்ளுல ஆரம்பிங்க. முள்ளு இருக்குற கைக்குப் பின்னாடி ஒரு எடக்கல் இருக்கும், அதத் திருப்பித் திருப்பி கை தராசு மாதிரி அந்தரத்துல நிக்குற எடத்துக்குக் கொண்டு வாங்க, அங்க எடக்கல்லுல இருக்குற நம்பர் வளையத்த பூஜ்யத்துல வச்சுட்டு அப்புறம் முள்ளுக்காரன் அட்டையில போட்டிருக்குற எடைக்குத் திருப்புங்க, டிஜே முள்ளுன்னா மூணு நாலு கிராம் வாக்குல இருக்கும். முள்ளு குதிக்குதுன்னு மேல காசு ஒட்டுற பழக்கம் நம்மாளுங்ககிட்ட உண்டு, எங்க மாமாவே பத்து பைசா ஒட்டி வச்சிருந்தாரு, அதனாலதான் அவரு தட்டு எல்லாம் உள்பள்ளம் வெளுத்துப் போய்க் கெடந்துச்சு.

அப்புறம் வயரு. ரெக்கார்டு முள்ளுல இருந்து வர்றது சில மில்லி வோல்ட்டுதான், சிடி பிளேயர்ல இருந்து ரெண்டு வோல்ட்டு வரைக்கும் வரும், நூத்துக்கணக்கான மடங்கு வித்தியாசம். மிக்சர்ல ஃபோனோன்னு ஒரு ஓட்டை, லைன்னு ஒரு ஓட்டை தனித்தனியா இருக்குறது அதுக்குத்தான். ரெக்கார்ட லைன்ல சொருகுனா கெணத்துக்குள்ள இருந்து கொசு பாடுற மாதிரி கேக்கும், சிடிய ஃபோனோல சொருகுனா ஸ்பீக்கர் கிழியும். பிளேயர்ல இருந்து மெல்லிசா ஒரு எர்த்து வயரு தனியா வரும், அத மிக்சர் பின்னாடி ஸ்க்ரூவுல மாட்டலைன்னா ம்ம்ம்னு ராத்திரி பூரா மொனகும்.

பெரிய எதிரி பாஸ் சத்தம். பாலக்கோடு பக்கம் ஒரு திருவிழாவுக்கு நான் பந்தாவா ரெண்டு ரெக்கார்டு பிளேயர தூக்கிட்டுப் போனேன், பலகை மேடை, அதுக்குக் கீழயே சப்வூஃபர், அதாவது பாஸ் ஸ்பீக்கர, அடுக்கி வச்சிருந்தாங்க. மொதப் பாட்டுக்கு சவுண்ட ஏத்துனேன் பாருங்க, ஊஊஊன்னு ஒரு ஓலம், ஆடு மாடெல்லாம் கயித்த அத்துக்குற மாதிரி. நடந்தது என்னன்னா ஸ்பீக்கர் பலகைய ஆட்டுது, பலகை பிளேயர ஆட்டுது, முள்ளு அந்த ஆட்டத்தையும் பாட்டுன்னு நெனச்சு ஸ்பீக்கருக்கு அனுப்புது, அது திரும்பப் பலகைய ஆட்டுது. அன்னிக்கு ராத்திரி பூரா ஃபோன்லதான் பாட்டு போட்டோம். அதுக்கப்புறம் கத்துக்கிட்டது, ஸ்கூட்டர் டியூப்ல பாதிக் காத்து அடிச்சு டேபிள் மேல படுக்க வச்சு அது மேல ஒரு கனமான கல்லுப் பலகைய வச்சு அது மேல பிளேயர வைக்கணும். கிருஷ்ணகிரியில கிரானைட்டுக்குப் பஞ்சமா, பாலிஷ் பட்டறையில ஒடஞ்ச துண்டு கேட்டா குடுப்பாங்க. மேல் மூடிய கழட்டிடுங்க, அதுவும் சத்தத்த வாங்கும்.

ஜெனரேட்டர் பத்தி பசங்க பயப்படுவாங்க. அந்தக் காலத்து மைக் செட் பிளேயர்ல மோட்டாரு கரண்டு அதிர்வுக்கு ஏத்த மாதிரிதான் சுத்தும், 50 ஹெர்ட்ஸ் கொறஞ்சா வேகமும் கொறையும், டீசல் இன்ஜின் மூச்சு வாங்குனா டிஎம்எஸ் கொரலும் சேந்து மூச்சு வாங்கும், மாமா ஓடிப் போய் இன்ஜின ஒரு உதை விடுவாரு. டெக்னிக்ஸ்ல அந்தத் தொல்லை இல்ல, அது வேகத்த குவார்ட்ஸ வச்சுப் பாத்துக்குது. அங்க பயம் சிடி பிளேயருக்குத்தான், வோல்ட்டேஜ் ஒரு நொடி விழுந்தா ஆஃப் ஆகி ஆன் ஆகும், கம்ப்யூட்டருக்கு வைக்கிற யுபிஎஸ் ஒண்ணு நடுவுல போட்டுக்கோங்க.

பழைய தட்டு வாங்க பெங்களூர் சிக்பேட் பக்கம் ஞாயித்துக்கெழம சந்தைக்குப் போங்க. தட்ட கண்ணு மட்டத்துக்குத் தூக்கி ஓரமா பாருங்க, தோசக்கல்லு மாதிரி நெளிஞ்சிருந்தா வேண்டாம். வெளிச்சத்துல சாச்சுப் பாருங்க, பள்ளம் கறுப்பா மினுங்கணும், சாம்பல் பூத்திருந்தா முள்ளு தின்னுருச்சுன்னு அர்த்தம். ஊருல பரண் மேல கெடந்துச்சுன்னு யாராவது 78 வேகத் தட்டு குடுத்தா சந்தோஷமா வாங்கி செவுத்துல மாட்டுங்க, டிஜே முள்ளுக்கு அந்தப் பள்ளம் அகலம், கீழ விழுந்தா அப்பளம் மாதிரி நொறுங்கும், பழைய 1200ல 78 வேகமும் கெடையாது.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்குது. சும்மா ஒரு சத்தம் மட்டும் பதிஞ்ச ரெக்கார்டு ரெண்டு, லேப்டாப், ஒரு பெட்டி. முள்ளு படிக்கிற சத்தத்த வச்சு லேப்டாப் உங்க கை எப்படிப் போகுதுன்னு கண்டுபுடிச்சு லேப்டாப்புல இருக்குற பாட்ட அதே மாதிரி ஓட்டும். செராட்டோ கம்பெனி 2004ல இத விட்டதுல இருந்து உலகம் பூரா பரவிடுச்சு. ஸ்கிராட்ச் ஆசை இருக்குறவன் இதுக்குப் போலாம், தமிழ்ப் பாட்டும் போடலாம். பாஸ் ஓலம் மட்டும் இதுலயும் வரும், முள்ளு முள்ளுதானே.

சிடி பக்கம் போறவங்களுக்கு

சிடி எழுதுறப்ப ஆடியோ சிடியா எழுதுங்க, எம்பி3ய அப்படியே போட்டு எழுதாதீங்க, சிடிஜே 1000ல மொத ரெண்டு மாடல் எம்பி3 படிக்காது, 2006ல வந்த மூணாவது மாடல்தான் படிக்கும், நீங்க போற எடத்துல எது இருக்கும்னு யாருக்குத் தெரியும். மெதுவான வேகத்துல எழுதுங்க. ஒவ்வொரு சிடியும் ரெண்டு காப்பி, ஒண்ணு பையில, ஒண்ணு வண்டியில.

எல்லாரும் சிடிய அடிப்பக்கம் கீறாம பாத்துக்குவாங்க, மேல் பக்கத்துல பால்பாயிண்ட் பேனாவால எழுதுவாங்க. உண்மையில பாட்டு இருக்குற படலம் மேல் பக்கத்துக்குத்தான் கிட்ட இருக்குது, கீழ தடிமனா பிளாஸ்டிக்கு, சின்னக் கீறல தேச்சுக் கூட சரி பண்ணிடலாம். மேல கீறுனா படலமே உரிஞ்சு போயிடும். அதுக்குன்னு விக்கிற மை மார்க்கர்ல மட்டும் எழுதுங்க, உறையில பாட்டு பேரு, பிபிஎம், ஆரம்பத்துல எத்தன எண்ணிக்கை காலி எடம் இருக்குன்னு எழுதி வைங்க.

ஸ்டிக்கர் ஒட்டவே ஒட்டாதீங்க. கோரமங்களா பக்கம் ஒரு எடத்துல, பேரு வேண்டாம், நான் என் பேரு போட்ட பளபளா ஸ்டிக்கர சிடியில ஒட்டி எடுத்துட்டுப் போனேன், பன்னெண்டு மணி வாக்குல மெஷின் சூட்டுல ஸ்டிக்கர் பசை இளகி ஓரம் பேந்து உள்ளயே மாட்டிக்கிச்சு, பாதி வெளிய வந்து நிக்குது, உள்ளயும் போகல வெளியவும் வரல. இருபது நிமிஷம் ஒரே பிளேயர்ல ஓட்டுனேன். பாட்டு கடைசியில நாலு அடிய லூப்புல விட்டேன், மிக்சர்ல எக்கோவ ஏத்தி லூப்ப அறுத்தேன், அந்த எக்கோ கரையுற நாலு செகண்டுக்குள்ள சிடிய மாத்தணும்னு பாத்தா பழைய மெஷினு சிடி படிக்கவே ஆறேழு செகண்டு எடுக்குது, அப்புறம்தான் மூளை வேல செஞ்சு ஒரே சிடியில இருக்குற அடுத்த டிராக்குக்குத் தாவுனேன். அதுல இருந்து ஒரு சிடி மட்டும் தனியா வச்சிருப்பேன், ஒரே பிளேயர்ல வரிசையா ஓட்டுற மாதிரி முன்னாடியே மிக்ஸ் பண்ணது, அவசரத்துக்கு. நீங்களும் ஒண்ணு வைங்க. பென்டிரைவ் ஆளுங்களும் ரெண்டு பென்டிரைவ் வைங்க, மஞ்சப் பையில ஒண்ணு, பர்ஸுல ஒண்ணு.

எது நல்லா கேக்குது?

இதுக்கு சண்ட போடாதீங்க. சிடியில சத்தத்துக்கும் நிசப்தத்துக்கும் நடுவுல எடம் சுமார் 96 டெசிபல், ரெக்கார்டுல அவ்வளவு கெடையாது, முள்ளு உரசுற சத்தம் எப்பவும் அடியில இருக்கும். அதுவுமில்லாம 33 வேகத் தட்டுல முள்ளு வெளி ஓரத்துல செகண்டுக்கு அம்பது சென்டிமீட்டர் ஓடும், உள்ள லேபிள் கிட்ட வர்றப்ப இருபதுதான், அதனால ஒரு பக்கத்துல கடைசிப் பாட்டு எப்பவும் கொஞ்சம் கொழகொழன்னு கேக்கும். ரெக்கார்டு சத்தம் இதமா இருக்குன்னு சொல்றது எனக்கும் புடிக்கும், வீட்டுல மழ பெய்யுறப்ப உக்காந்து கேக்குறதுக்கு. கிளப்புல முன்னூறு பேரு கத்துறப்ப அந்த இதம் எவன் காதுக்கும் எட்டாது. இணையத்துல எறக்குன, தரத்தக் கொறச்சு சுருக்குன 128 கேபிபிஎஸ் எம்பி3ய சிடியில எழுதிட்டு சிடி சவுண்டுன்னு சொல்றது மட்டும் வேண்டாம், பெரிய ஸ்பீக்கர்ல மேல் சத்தம் எல்லாம் தகரத்துல மழ பேஞ்ச மாதிரி இருக்கும், காசு குடுத்து நல்ல ஃபைல் வாங்குங்க.

மொத ராத்திரி, போறப்பவும் வர்றப்பவும்

ஆரம்ப நேரம்தான் குடுப்பாங்க, ஒம்பது மணி, ஆளே இருக்க மாட்டாங்க. அப்பவே உச்சத்துப் பாட்டெல்லாம் போட்டுத் தீத்துடாதீங்க, அடுத்து வர்ற டிஜே மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. ஹெட்ஃபோன் உங்களோடதா இருக்கட்டும், பெரிய முனை சின்ன முனை மாத்துற பின் ரெண்டு வச்சுக்கோங்க, அது இல்லாம திரும்பி வந்தவன எனக்குத் தெரியும்.

சிடி பை தோள்ல மாட்டிக்கலாம். ரெக்கார்டு பெட்டின்னா நூறு தட்டுக்கு உறையோட இருபது கிலோ தாண்டும், ராத்திரி ஒண்ணரை மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நின்னு கிருஷ்ணகிரி பஸ்ஸு புடிக்கிறப்ப அது என்ன கனம்னு தெரியும். நான் ஒரு சித்திரை மாசம் ஆம்னி வேன்ல கண்ணாடி ஏத்திட்டு ஓசூர்ல மதிய சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிறுத்துனேன், வந்து பாத்தா நாலு தட்டு வெத்தல மாதிரி மடங்கிக் கெடந்துச்சு. படுக்க வச்சு அடுக்காதீங்க, புத்தகம் மாதிரி நிமுத்தி வைங்க. பழைய கவர்மென்ட் பஸ்ஸுல டிரைவர் பக்கத்துல இன்ஜின் மூடி மேல பெட்டிய வைங்க தம்பின்னு கண்டக்டர் பாசமா சொல்லுவாரு, வச்சுடாதீங்க, அந்த மூடி அடுப்பு மாதிரி கொதிக்கும். ரெண்டு காலுக்கு நடுவுல நிமுத்தி வச்சுக்கிட்டு, லக்கேஜ் டிக்கெட் கேட்டா குடுத்துட்டு, சூளகிரி வர்ற வரைக்கும் தூங்காம வாங்க.